பயத்துக்கு மாத்திரை

மயிலாப்பூரில் நான் மாமி என்று கூப்பிட்ட அந்த அம்மாள் இரண்டு தமிழ் பேசுவார். மகளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. தி.நகரில் இருந்த மகள் போன் செய்தால் "ஆத்துலதான் இருக்கேன், சாப்டுண்டு இருக்கேன்" என்பார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினால் அதுவே "வீட்டுல", "சாப்பிட்டுக்கிட்டு" என்று ஆகிவிடும். எனக்குப் புரியாது என்று நினைத்தாரா, மரியாதைக்காகவா, நீ வேறு நான் வேறு என்று காட்டவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலில் கோபம்தான் வந்தது. நான் என்ன கப்பலிலா வந்து இறங்கினேன்? பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே ஊர். அவர்கள் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்த ஏற்பாடு பழகிவிட்டது. மாமி என்னிடம் பேசினால் வீடு வீடுதான். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு என் குடியைக் கெடுத்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அடையாற்றில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், பச்சைக் குழந்தைகளைத் தூக்கித் தூக்கிச் சலித்துப்போய், வீட்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருந்தேன். மாமியின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். ரிடையர் ஆனவர். வயிற்றில் கட்டி. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை நான் அவரோடு. உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, வாரப்பத்திரிகைத் தொடர்கதை படித்துக் காட்டுவது, மூத்திரப் பை நிறைந்ததும் கழற்றிக் கக்கூஸில் ஊற்றி இரண்டு வாளி தண்ணீர் விடுவது. எட்டாவது வரை படித்தவள் நான், தமிழ் தடுமாறாமல் படிப்பேன். இங்கிலீஷ்தான் வராது. அதனால் மாமி ஒவ்வொரு மாத்திரைக் கவர் மேலும் குண்டு குண்டாகத் தமிழில் எழுதி வைத்திருந்தார். 'வலிக்கு'. 'வாந்திக்கு'. 'புண்ணுக்கு'. கடைசிக் கவரில் 'பயத்துக்கு'.

பயத்துக்குக்கூட மாத்திரை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விளக்கு வைக்கிற நேரமானால் மாமாவுக்கு உதறல் எடுத்துவிடும். "யாரோ வராம்மா, கதவைச் சாத்தும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். நான் எழுந்துபோய், ஏற்கெனவே சாத்தியிருக்கும் கதவை இன்னொரு தடவை சாத்திக் காட்டுவேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெள்ளையாக ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்ட அரை மணி நேரத்தில் முகம் தெளிந்துவிடும். வருகிற போகிற எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வைத்திருந்த டம்ளரை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன். உள்ளங்கை சிவந்து போயிருந்தது. அப்போதும் சிரிப்புதான்.

"பயம் போறது, சரி. மனுஷரும் கூடவேன்னா போறார்" என்றார் மாமி, மகளிடம்.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயின்டர். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைச் சுவருக்கு வர்ணம் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு போனது. உயிர் மிஞ்சியது, கூட ஒரு கோலும் வந்தது. ஆனால் பேச்சு நின்றுபோய்விட்டது. வாய் ஊமையாகிவிடவில்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷம் அடையாற்றுக் கரையில் எங்கள் குடிசை வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கத்துவேன், திட்டுவேன், சோற்றுத் தட்டை ணங்கென்று வைப்பேன். "யோவ், திட்டவாவது திட்டுய்யா" என்று அழுதிருக்கிறேன். ஊஹும்.

அப்போதுதான் அவரோடு வேலை பார்த்த ஒருவர் செம்பரம்பாக்கம் பக்கமிருந்து பெயின்ட் வாளியில் இரண்டு விரால் மீன் கொண்டுவந்து கொடுத்தார். உயிரோடு இருந்தன. உடம்பு தேறக் குழம்பு வைத்துக் கொடு என்றார். நான் சாம்பலும் கத்தியும் எடுத்துக்கொண்டு வருவதற்குள் இந்த மனிதர் வாளியைத் தூக்கிக்கொண்டு கோலை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். குடிசைகளுக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. ஆறு எந்தக் காலத்திலோ ஒதுங்கிப் போனபோது விட்டுப்போன பள்ளம். பழைய ஆறு என்றுதான் எங்கள் பக்கம் அதற்குப் பெயர். உண்மையான ஆறு கறுப்பாகச் சாக்கடையாக ஆகாயத்தாமரையை மூடிக்கொண்டு கிடக்க, பழைய ஆற்றில் மட்டும் ஊற்றும் மழையும் சேர்ந்து நல்ல தண்ணீர் நின்றது. அதில் இரண்டையும் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளேயிருந்து குரல்.

"இன்னாமே, கேட்டியா? அது இன்னிக்கு மேல வந்து மூச்சு வாங்கிச்சுமே."

ஒரு வருஷம் கழித்து அந்த மனிதர் என்னிடம் பேசிய முதல் பேச்சு மீனைப் பற்றித்தான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "குழம்பா ஊத்தியிருந்தா எனக்கும் மூச்சு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு பேச்சு மடை திறந்துவிட்டது. எல்லாம் விரால் பேச்சு. ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சைக் காக்குமாம். குஞ்சுகள் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பாக ஒரே கொத்தாகத் தண்ணீர் மேல் மிதக்குமாம். அடியில் தாயும் தகப்பனும் காவல். ஒரு கொக்கின் நிழல் விழுந்தால் போதும், தகப்பன் வாலால் தண்ணீரில் பட்டென்று ஒரு அடி அடிக்கும், அவ்வளவு குஞ்சும் கண்மூடித் திறப்பதற்குள் அடியில் போய்விடும். இதையெல்லாம் அவர் கையாலேயே செய்து காட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். என் நிழல் பட்டதுமே பட்டென்று அடி விழுந்தது. சிவப்பு மறைந்தது.

"உன்னியக் கண்டா அதுக்கே பயம் பாத்தியா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "இந்த ஈட்டுக் குஞ்சு பொழச்சு இந்தக் குட்ட ரொம்பிச்சுன்னா, நானும் ஒரு ஆளுதான்மே. அதுக்கு மேல எனுக்கு இன்னா வேணும்" என்றார். எனக்கும் அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றுதான் இருந்தது.

சித்திரை வெயிலில் குட்டை வற்றி இரண்டு பஸ் நிறுத்துகிற அளவுக்குச் சுருங்கியது. தண்ணீர் இடுப்பளவு. குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்திருந்தன. அப்போது பெரிய மீன்கள் இரண்டுக்கும் விலாவில் புண் வந்தது. செதில் உதிர்ந்து, சிவந்து, குழி விழுந்த புண். பாண்டி பஜார் பக்கம் கலர் மீன் விற்கிற ஒருவரிடம் என் வீட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கேட்டு வந்தார். தொட்டி மீனுக்குப் புண் வந்தால் மனிதருக்குப் போடுகிற கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் தூவுவார்களாம்.

"மாமா வூட்ல புண்ணுக்குப் போட்ற மாத்திர கீதுன்னு சொன்னியே. நாலே நாலு எட்த்துக்கினு வாமே" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாய்யா பேசற? எட்டு மாசமா அந்த வூட்ல ஒரு ஸ்பூன் சக்கரை தொட்டதில்ல நானு. உம் மீனுக்கோசரம் என்னியத் திருடச் சொல்றியா? அதுக்கு நாக்கப் புடுங்கிக்கினு சாவலாம்" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பழைய சுவர், பழைய முகம். காசு கொடுத்து வாங்கலாம் என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டேன் என்றார்கள். நாலு கேப்சூல்தானே, எடுத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு மனது. சீ, எடுக்காதே என்று ஒரு மனது. எடுக்கவில்லை.

அந்த வாரமே மாமாவுக்கு முற்றிவிட்டது. அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் டாக்டர் பார்க்கட்டும் என்று ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். அங்கே வாங்கியதும் அதிலேயே சேர்ந்து பெட்டி நிரம்பி வழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் மாமா போய்விட்டார். போகிறபோதும் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

உடலை வண்டியில் ஏற்றினார்கள். மாமியும் மகளும் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மயிலாப்பூருக்கு வருவதாக ஏற்பாடு. மாமி மூன்று நாளாகத் தூங்கவில்லை, கண் எங்கேயோ இருந்தது. என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அந்த மருந்துப் பெட்டிய ஆத்துல போட்டுடு" என்றார்.

"சரி மாமி" என்றேன்.

வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக மறுபடியும், "மறந்துடாதே. ஆத்துல போட்டுடு."

ஆத்துல என்றால் வீட்டில் என்று ஊருக்கே தெரியுமே, இவளுக்கு மட்டும் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட மாமி என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எனக்கு எப்போதும் வீட்டுல. அதனால் ஆத்துல என்று என்னிடம் சொன்னால் அது ஆற்றில்தான். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது மட்டுமா? வெள்ளிக்கிழமை தோறும் சாமிக்குப் போட்டு வாடிய பூ, கிழிந்த பஞ்சாங்கம், சாமி படம் போட்ட பழைய காலண்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, "கால் படற இடத்துல போடக் கூடாது, போற வழியில தண்ணியில போட்டுடு" என்று மாமி என்னிடம்தான் தருவார். பாலத்திலிருந்து நான்தான் போடுவேன். செத்தவருடைய மருந்தும் அப்படித்தான் போலிருக்கிறது, அவர்கள் வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். துக்கத்தில் அவர் பாஷை மாற்றிப் பேச மறந்துபோனார் என்பது எனக்கு எட்டவேயில்லை.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். கறுப்பு ஆற்றைப் பார்த்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. எட்டு மாதம் கையைப் பிடித்துக்கொண்டு அழுத மனிதருடைய பொருளைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. நல்ல தண்ணீராகப் பார்த்துப் போடலாம் என்று திரும்பினேன். பழைய ஆறு. அதுவும் ஆறுதானே. அந்த நிமிஷம்தான் எனக்கு மண்டையில் மின்னியது. இதில் புண்ணுக்குப் போடுகிற கேப்சூல் ஒரு கவர் நிறைய இருக்கிறதே! திருடாதவளுக்குக் கடவுளே பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று சந்தோஷம் பொங்கியது. துக்க நாளில் அப்படி ஒரு சந்தோஷம் பட்டேன், பொய் சொல்வானேன்.

வீட்டுக்காரர் அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இடுப்பைக் காட்டப் போயிருந்தார். யாரும் இல்லை. கரையில் குந்திக்கொண்டு புண்ணுக்கு என்று எழுதிய கவரை முதலில் எடுத்து ஒவ்வொரு கேப்சூலாகப் பிரித்துத் தூவினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முழுசாகப் போடச் சொன்னாரே மாமி என்று மற்றதையும் எடுத்தேன். வலிக்கு, வாந்திக்கு, பயத்துக்கு. அட்டை அட்டையாகப் பிதுக்கிப் போட்டேன். டானிக் பாட்டில்களைக் கவிழ்த்தேன். ஊசி மருந்தைக்கூட உடைத்து ஊற்றினேன். கட்டைவிரல் எரிந்தது. மருந்துதானே, விஷமா என்ன? மனிதனைப் பிழைக்க வைக்கிறது மீனை என்ன செய்துவிடும்? இதுதான் நான் யோசித்த யோசனை. கடைசியில் காலிப் பெட்டியைக் கும்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு மீனும் சாகவில்லை. ஒரு வாரத்துக்குள் விலாப் புண் காய்ந்து வந்தது. நான் சாதித்துவிட்டதாகவே நினைத்தேன். நன்றாக ஆறட்டும், அப்புறம் சொல்லி மூக்கை உடைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே ஓடிவந்தார். கோலை ஊன்றியவர் ஓட முடியுமா? ஓடத்தான் ஓடினார்.

"மே! வந்து பாருமே! என் கையாண்ட வருதுமே!"

போனேன். கரையோரம் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டார். அந்தப் பெரிய ஆண் விரால், நிழல் பட்டாலே வாலால் அடித்துவிட்டு ஓடுகிற அது, மெதுவாக வந்து அவர் உள்ளங்கைமேல் நின்றது. அவர் அதன் முதுகைத் தடவினார். போகவில்லை. பெண்ணும் வந்தது. அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னியத் தெரிஞ்சிக்கிச்சுமே. இத்தினி நாளு பக்கத்துலயே குந்திக்கினு இருந்தனே, அது வீண் போவல. மூஞ்சியப் பாரு, சிரிக்கிற மாரியே இல்ல?"

நானும் நம்பினேன். எதிர்வீட்டுக்காரி, பக்கத்துக் குடிசைக்காரர் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கல்யாணமான புதிதில்கூட அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்ததில்லை. இதில் போய் மருந்து கிருந்து என்று சொல்லி எதற்கு என்று சொல்லாமல் விட்டேன்.

மாமாவின் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து மயிலாப்பூரில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமி வந்தார்.

"ஏம்மா, அந்த மருந்துப் பெட்டி எங்க?"

"போட்டுட்டேனே மாமி."

"எங்க போட்ட?"

"நீங்க சொன்ன மாதிரி ஆத்துலதான் மாமி."

"காணலையேம்மா. பரண், ஷெல்ப் எல்லாம் தேடிட்டேன்."

"தேடினா எப்படி மாமி கெடைக்கும்? இந்நேரம் கரைஞ்சிருக்குமே."

"கரையறதா?"

மாமிக்குத்தான் முதலில் புரிந்தது. வாயில் கை வைத்தார். "ஐயோ, எங்காத்துலம்மா! ஆத்துலன்னா எங்காத்துல!" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. மாமா போன பிறகு முதல் சிரிப்பு. எனக்கும் வந்தது. என்ன சிரிக்கிறீர்கள் என்று மகள் சமையலறையிலிருந்து பயந்துபோய் ஓடிவந்தார். சிரித்துச் சிரித்து மாமி தரையில் உட்கார்ந்து அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பொதுவார்டில் ஒரு அம்மாளின் கணவருக்கும் இதே மருந்துதானாம், அவர்களால் வாங்க முடியாதாம், கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டில் வைக்கச் சொன்னாராம்.

"போகட்டும், புதுசா வாங்கிக் குடுத்துடலாம். நீ என்ன பண்ணுவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "அத்தனை மாத்திரையுமா தண்ணியில போட்ட? பயத்துக்குன்னு எழுதினது மட்டும் ரெண்டு மாசத்துக்கு வாங்கி வெச்சிருந்தேனேம்மா. அங்க மீன் ஏதாவது இருக்குமே."

மீனைக் கையால் தொடாத மாமிக்கு அது தோன்றியது. மீன் தின்று வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை.

மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் எல்லாம் தாண்டி எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றே தெரியாது. பஸ்கூட ஏறவில்லை, நடந்தே வந்தேன். குட்டைக்கு நேராகப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். அவர் உட்கார்ந்து விராலைத் தடவிக்கொண்டிருந்தார். அது அவர் கையில் கிடந்தது. கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு மாமா இருந்தாரே, அதே இருப்பு. நாலடி தள்ளி மேட்டில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. விரால் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

மறுநாள் மூன்று கொக்கு. அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை. மீன்கொத்தி வேறு. குஞ்சுகள் கொத்தாகவே இல்லை. தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம், குஞ்சு மூலைக்கு நாலாகத் தண்ணீர் மேல் சும்மா நின்றன. பறவைகள் வேட்டையாடவேயில்லை, பந்தியில் உட்கார்ந்தமாதிரி எடுத்துத் தின்றன. பட்டென்று ஒரு வாலடிச் சத்தம் கேட்காதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கல்லெறிந்தார், தகரத்தைத் தட்டினார், கோலைச் சுழற்றிச் சுழற்றிக் கத்தினார். பெரிய ஆணைக் கரையில் கிடந்த நிலையில் பார்த்தோம், கண் இரண்டும் இல்லை. பெண் மீனை நாய் இழுத்துப் போனதாகச் சொன்னார்கள். பத்தே நாளில் குட்டையில் பாசிதான் மிச்சம்.

"நாந்தான்மே கெட்த்துட்டேன்" என்றார் அவர். "கையாண்ட பழக்கிக்கினு பழக்கிக்கினு, அதுங்க பயத்த நாந்தான் போக்கிட்டேன். ஒரு சீவனுக்கு பயம் இருக்கணும்மே. என்னிய நம்பின மாரியே கொக்கையும் நம்பிடுச்சு."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் நாக்கு துடித்தது. சொன்னேனா? இல்லை. வாய்கிழியப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள், சொல்ல வேண்டிய அன்றைக்கு முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்தேன்.

ஐப்பசியில் பேய்மழை. ஆறு பொங்கிப் பழைய ஆற்றோடு கலந்து எங்கள் குடிசைக்குள்ளும் வந்து போனது. வடிந்த பிறகு குட்டையில் புதுத் தண்ணீர் நின்றது. அவர் மறுபடியும் இரண்டு விரால் வாங்கி விட்டார். இந்த முறை கையைத் தண்ணீரில் வைக்கவே இல்லை. பழகக் கூடாதாம். தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். தையும் போனது, மாசியும் போனது, சித்திரையும் வந்தது. சிவப்புக் கொத்து ஒன்றுகூட மேலே வரவில்லை. இரண்டும் மந்தமாகத் திரிந்தன. ஒரு நாள் ஒன்றைக் காணவில்லை, அடுத்த வாரம் மற்றதையும். ஆற்றோரம் தூண்டில் போடுகிறவர்களும், முன்னமாதிரி மீன் முட்டையோடு வருவதில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்த முறை நான் எதையும் போடவில்லை. சத்தியமாக ஒரு மாத்திரை போடவில்லை. அப்போதுதான் எட்டு மாதம் தினம் மூன்று வேளை நான் கக்கூஸில் ஊற்றிய மூத்திரப் பை ஞாபகம் வந்தது. மாமா விழுங்கியதெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கும். அது எங்கே போயிருக்கும்? எந்தக் குழாயில் சுற்றினாலும் கடைசியில் எங்கள் கரைக்குத்தான் வரும். மயிலாப்பூரில் ஒரு மாமாவா இருக்கிறார்? எத்தனை வீடு, எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கட்டில், எத்தனை ஆயா. ஒரு பெட்டியைக் கொட்டியதற்காக நான் ஒரு வருஷம் வெந்து செத்தேன். அந்தப் பெட்டியே வேண்டாம், நாங்கள் எல்லாரும் சேர்ந்து தினம் தினம் ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். முதல் ஜோடியைக் கொன்றது என் கை. இரண்டாவதை எது கொன்றது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

அவர் மட்டும் ஒரே பாட்டுத்தான். "என் கை வெளங்காத கைமே. நான் தொட்டா அழியும். சாரம் ஏன் சரிஞ்சுது? மீன் ஏன் செத்துது? எல்லாம் இந்தக் கை." அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பழியையாவது அவர் தலையிலிருந்து இறக்கி வைப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எல்லாம் சொன்னேன். மாமி சொன்ன ஆத்துல, நான் கேட்ட ஆத்துல, பெட்டி, பிரித்த கேப்சூல், பயத்துக்கு மாத்திரை, மாமா டம்ளரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"உம்மேல ஒரு தப்பும் இல்லய்யா. எல்லாம் நான் பண்ணது. அந்த மாத்திரை போட்டா அப்படித்தான் ஆவும். யாராண்ட வேணாலும் போவும். அடிக்கணும்னா அடி" என்றேன்.

அடிப்பார், இல்லை திட்டுவார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர் கோபப்படவேயில்லை. டீ ஆறி ஏடு கட்டியது. பிறகு சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அது என்னியத் தெரிஞ்சிக்கினு வர்லியா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் உயிரோடு இருந்தார். பழைய ஆற்றுப் பக்கம் ஒரு நாளும் போகவில்லை.